டிங்கர் கடைசியாக மீன் பிடிக்கப் போனது

எங்கள் ஷெட்டுக்கு நசுங்கிய வண்டி எது வந்தாலும் முதலில் அவர் கைக்குப் போகும், கடைசியில் என் கைக்கு வரும். அவர் தகரத்தைத் தட்டி நேராக்குவார். நான் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடிப்பேன். டிங்கர் என்றால் அந்தத் தெரு முழுக்க அவர் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது கோர்ட்டில். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். கூண்டில் போய் இவர் நின்ற பிறகுதான் விஷயம் புரிந்தது.

ஆள் குட்டை, ஆனால் அகலம். தலையைத் தோளின் மேல் நேரடியாக வைத்து வெல்டிங் அடித்தது போலிருக்கும். வேலையில் கெட்டிக்காரர். கோபம் வந்தால் மட்டும் கண்மண் தெரியாது. "கதவு இன்னும் சரியா மூடல" என்று சொன்ன வாடிக்கையாளர் ஒருவரின் கையை அந்தக் கதவுக்குள்ளேயே வைத்து அழுத்தியிருக்கிறார். முதலாளி நடுவில் விழுந்து இழுத்துவிட்டார். மறுநாள் டிங்கர் ஒன்றுமே நடக்காததுபோல வந்து வேலையைத் தொடங்கினார். எங்களுக்கும் அது பழகிப்போயிருந்தது.

மருந்துக்கடையில் வேலை பார்த்த அவர் மனைவி ஒரு மழைக்காலத்தில் பெட்டியோடு போனவள்தான், திரும்பி வரவில்லை. யாராவது கேட்டால் "ஒத்துவரல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அதற்குமேல் கேட்கிற தைரியம் ஷெட்டில் யாருக்கும் கிடையாது.

அவருக்கு உலகத்தில் இரண்டு பேர்தான். ஒன்று தங்கை. பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. இன்னொன்று பள்ளிக்கூட நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட ஒரு சிநேகிதன், லிஃப்ட் மெக்கானிக். ஒல்லியான உடம்பு, ஓயாத வாய். "எல்லாருக்கும் வாழ்க்கையில ஏத்தம் இறக்கம் உண்டு, எனக்கு மட்டும்தான் அதுக்குச் சம்பளம்" என்பான். அவன் இருக்கிற இடத்தில் சிரிப்பு இருக்கும். டிங்கர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததெல்லாம் அவன் பக்கத்தில்தான்.

இருவருக்கும் ஒரே பைத்தியம், மலை மேலே இருக்கும் அணையில் ட்ரவுட் மீன் பிடிப்பது. குளிர் இறங்கி, தூண்டில் போடும் அனுமதி முடியப்போகிற கடைசி நாட்களில்தான் போவார்கள். அந்தச் சமயத்தில் கூட்டம் இருக்காது. பெரிய மீன்கள் ஓடை வந்து சேரும் முனைக்கு வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. அந்தச் சிநேகிதனே தங்கையைப் பெண் கேட்டபோது டிங்கர் சொந்தக் கல்யாணத்துக்குக்கூட அப்படி ஓடியாடியதில்லை. "வெளியில எவனையோ தேடாம, நம்மாளே மாப்பிள்ளையா வந்துட்டான்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதன்பிறகு இருவரும் மச்சான், மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். "டா" மட்டும் போகவில்லை.

தங்கை ஒருநாள் மாவுக்கட்டுக் கையோடு ஷெட்டுக்கு வந்தாள். ஸ்கூட்டரை ஓட்ட முடியாது, இங்கே நிறுத்திவைக்க இடம் இருக்குமா என்று கேட்க வந்தாள். டிங்கர் ஒரு காரின் முன்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்ணா."

"எப்படி விழுந்த?"

"விழுந்தேன், அவ்வளவுதான். விடு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் ஸ்கூட்டரைப் பார்த்தாள். நான் இரண்டு பேரையும் பார்க்காமல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் தெரு திரும்பும்வரை டிங்கர் அசையவில்லை. பிறகு பம்பர் வேலைக்காக வந்து நின்றிருந்த இன்னொரு காரிடம் போனார். அதன் முன்கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. சுத்தியலை இரண்டு கையாலும் ஓங்கி அதை அடித்தார். கண்ணாடி உடையாமல் வெள்ளையாக நொறுங்கித் தொங்கியது. மறுபடியும் அடித்தார். ஓட்டை விழுகிறவரை அடித்தார்.

அவர் தங்கை புருஷனிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தெருவில் பார்த்தால் பேசினார், டீ குடித்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கொஞ்ச நாள் கழித்துத் தங்கை போன் செய்தாள். அவர் அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை செய்துகொண்டிருந்தார். நானும் கேட்டேன்.

"அண்ணா, சீசன் முடியுதாமே. இந்த வருஷம் போகலையா நீங்க?"

"பார்க்கலாம்."

"அவரைக் கூட்டிட்டுப் போயேன். ரெண்டு நாள் எனக்கும் வீடு அமைதியா இருக்கும்."

டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்தார். "கூட்டிட்டுப் போறேம்மா" என்றார். அவள் சொன்னது ஒன்று, அவர் காதில் விழுந்தது வேறொன்று. அது அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மலையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. கோர்ட்டில் வாசித்த வாக்குமூலத்தைக் கேட்டேன். பிற்பாடு அவரே ஷெட்டில் உட்கார்ந்து, கேட்காமலே, துண்டு துண்டாகச் சொன்னார். இரண்டும் ஒத்துப்போயின.

முதலாளியின் பழைய வேனை வாங்கிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் மெக்கானிக் பேசிக்கொண்டே வந்தான். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட கல்யாண ஜோடி ஒன்று, கதவைத் திறந்தபோது ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்தியிருந்தார்களாம். டிங்கர் சிரித்தார். "அதான் கொடுமை. சிரிப்பு வந்துச்சு" என்று என்னிடம் சொன்னார். இரவு அணைக் காவல்காரரின் கொட்டகையில் படுத்துவிட்டு, வெளுக்கும் நேரத்தில் அணைக்கு இறங்கினார்கள்.

தண்ணீர் வெகுவாக வற்றியிருந்தது. கரையிலிருந்து கீழே நெடுந்தூரம் சேறு. அணை கட்டுவதற்கு முன்னால் அங்கே நின்ற மரங்களின் அடிக்கட்டைகள் சேற்றில் கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்தன. சேற்றின் மேல்தோல் உறைந்து, கால் வைத்தால் கண்ணாடிபோல உடைந்து உள்ளே வாங்கியது. மார்புவரை வரும் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு இருவரும் ஓடை வந்து விழும் முனைக்கு நடந்தார்கள். காற்று முகத்தைக் கிழித்தது. தூண்டில் கோலில் நைலான் நரம்பு ஓடுகிற வளையங்களில் ஈரம் உறைந்து அடைத்துக்கொண்டது. நாலு தடவை வீசினால் ஒரு தடவை வளையத்தை வாயில் வைத்து உறிஞ்சிப் பனியைக் கரைக்க வேண்டும்.

முதல் மீன் மெக்கானிக்குக்குத்தான் விழுந்தது. நல்ல கிழட்டு ஆண் மீன், கீழ்த்தாடை கொக்கிபோல வளைந்தது. பிடிகொடுக்காமல் குறுக்கும் நெடுக்கும் ஓடியது. கரைக்கு இழுத்து, வாலைப் பிடித்துத் தூக்கி, ஒரு கல்லில் தலையை ஓங்கி அடித்தான். ஒரே அடியில் சாகவில்லை. மூன்றாவது அடியில்தான் நடுக்கம் நின்றது. அவன் கையெல்லாம் ரத்தமும் கோழையுமாக இருந்தது. "பார்த்தியா மச்சான், முரட்டு ஜென்மம்" என்றான்.

கரையில் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தார்கள். எஃகு பிளாஸ்க், டிங்கருடையது. மெக்கானிக் டீயைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான், உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அவ கை."

டிங்கர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பாடு வேணாம்னு சொன்னேன். பிடிவாதமா தட்டை முன்னாடி கொண்டுவந்து வச்சா. கையைப் புடிச்சுத் திருப்பினேன். ஒடிக்கணும்னு திருப்பலடா. சத்தம் கேட்டதும்தான் விட்டேன்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடியும் உண்டு. பொய் சொல்லல. யார்கிட்ட போய் இதைச் சொல்றது? உன்கிட்டதான் சொல்ல முடியும். உனக்குப் புரியும்." மெக்கானிக் அவர் தொடையில் கை வைத்தான். "நீயும் நானும் ஒரே ரகம்தானே மச்சான். உன் வீட்ல நடந்ததெல்லாம் உன் தங்கச்சி எனக்குச் சொல்லியிருக்கா. கை ஓங்கினதுக்கு அப்புறம்தானே நமக்கே தெரியுது."

"அடிக்கணும்னு நெனச்சுத்தான் கூட்டிட்டுப் போனேன். ஆனா கையைப் பத்திச் சொன்னப்பகூட எனக்குக் கை எழல. ஒரே ரகம்னு சொன்னான் பாரு, அப்பதான்" என்றார் டிங்கர் பிற்பாடு என்னிடம்.

பிளாஸ்கால் வாயில் அடித்தார். மெக்கானிக் கட்டையிலிருந்து பின்பக்கமாக விழுந்தான். முன்பற்கள் இரண்டு உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன. இவர் அவன் மேல் ஏறி உட்கார்ந்தார். ஓங்கிய கை ஒவ்வொரு தடவையும் அவன் முகத்தில் இறங்கியபோது அவன் தலைக்குக் கீழே உறைந்த சேறு உடைகிற சத்தம் கேட்டதாம். இடது தாடையில் ஏதோ விட்டுப்போனது கைக்குத் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

மெக்கானிக் ஒல்லி என்றாலும் லிஃப்ட் குழிக்குள் கம்பி பிடித்து ஏறி இறங்குகிறவன். முட்டியை மடக்கி இவர் வயிற்றில் உதைத்துத் தள்ளினான். பக்கத்தில் கிடந்த தூண்டில் கோலை எடுத்துச் சாட்டைபோல வீசினான். மீனை ஏமாற்ற மாட்டும், மூன்று முள் கொண்ட உலோகத் தகடு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது டிங்கரின் வலது உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே, சதையோடு பாய்ந்தது. மெக்கானிக் அதைப் பார்த்தான். மீனை இழுப்பதுபோல இரண்டு கையாலும் கோலைப் பின்னால் இழுத்தான். முள் உள்ளே எதையோ பிடித்துக்கொண்டு வந்தது. டிங்கர் அலறியது அணைக்கு எதிர்க்கரைவரை போய்த் திரும்பி வந்ததாம்.

அந்தக் கையாலேயே தூண்டில் நரம்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, இவர் கோலோடு சேர்த்து அவனைத் தள்ளினார். மெக்கானிக் பின்னால் நகர்ந்தான், இன்னும் நகர்ந்தான். அந்த இடத்தில் பழைய ஓடைப் பள்ளம் தண்ணீருக்கு அடியில் செங்குத்தாக இறங்குகிறது. இரண்டு பேருக்கும் அது நன்றாகத் தெரியும், மீன் அங்கேதான் படுக்கும். ஆனால் அவனுக்கு முதுகில் கண் இல்லை. ஒரு அடி வைத்தான், காணாமல் போனான்.

மேலே வந்தபோது ரப்பர் உடுப்புக்குள் தண்ணீர் புகுந்துவிட்டிருந்தது. அந்த உடுப்பு நிரம்பினால் காலில் கல் கட்டினதுபோல. தலை வெளியே வருவதும் போவதுமாக இருந்தது. டிங்கர் கரையில் நின்றார்.

"சாகட்டும்னு நின்னேன்" என்று அவர் நீதிபதியிடமே சொன்னார். அவருடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "எவ்வளவு நேரம்னு தெரியல. கை வலிக்கல, குளிரல. நல்லா இருந்துச்சு."

"பிறகு ஏன் இறங்கினீர்கள்?" என்று நீதிபதி கேட்டார்.

"அவன் கத்தலைங்க. கத்தியிருந்தா இறங்கியிருக்க மாட்டேன். வாய் உடைஞ்சதால கத்த முடியல போல. என்னையே பார்த்துட்டிருந்தான்."

இறங்கினார். தண்ணீர் நெஞ்சைத் தொட்டதும் மூச்சு நின்றுபோனது. மெக்கானிக்கின் தோள்பட்டை வாரை மீன் அறுக்கும் கத்தியால் அறுத்து, உடுப்பைப் பாதி உருவிவிட்டு, தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். கரையில் போட்டபோது அவன் உதடு நீலமாகி, நடுக்கம்கூட நின்றிருந்தது. நடுங்குகிறவரை பிழைப்பான், நடுக்கம் நின்றால் ஆபத்து என்று காவல்காரர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்ததாம். சேற்றில் விழுந்து விழுந்து அவனைச் சுமந்து வேனுக்குக் கொண்டுபோனார். துணியெல்லாம் உருவினார், தன் துணியையும் உருவினார். இருந்த போர்வையை இருவருக்குமாகச் சுற்றிக்கொண்டு, வேனின் ஹீட்டரை முழுக்கத் திறந்து, அவனைக் கட்டிக்கொண்டு படுத்தார். அவன் கண் செருகியபோதெல்லாம் தூங்கவிடக் கூடாதென்று கன்னத்தில் அறைந்தார். உடைந்த தாடையில்தான் அறைகிறோம் என்பது மூன்றாவது அறைக்குப் பிறகுதான் உறைத்தது. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. நடுக்கமும் வந்தது.

அடிவாரத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, தாடையைத் துணியால் கட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். தங்கை வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரி. அவள் அன்றைக்கு லீவு. கூட வேலை செய்கிறவர்கள் போன் செய்து வரவழைத்தார்கள். எக்ஸ்ரே அறையில் அன்றைக்கு ஆள் குறைவு. அவளே ஈயக் கவசத்தை ஒற்றைக் கையால் மாட்டிக்கொண்டு, மாவுக்கட்டுக் கையைக் கொடுத்துப் புருஷனின் தலையை நேராகத் திருப்பி, படம் எடுத்தாள். திரையில் பார்த்தாள். தாடை மூன்று இடத்தில் விரிசல் விட்டிருந்தது. கண்ணுக்குக் கீழே இருக்கும் எலும்பும் உள்ளே போயிருந்தது. இது தண்ணீரில் விழுந்து வந்தது இல்லை என்று சொல்ல அவளுக்கு வேறு டாக்டர் தேவைப்படவில்லை.

வராந்தாவில் டிங்கர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செய்தி கேட்டு வேனை எடுத்துப்போக வந்த நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் வந்து நின்றாள்.

"யார் அடிச்சது?"

"நான்தான். எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான்மா. இனிமே உன்மேல கை வைக்க மாட்டான்."

"உன்னை நான் கேட்டேனா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீதானே கூட்டிட்டுப் போகச் சொன்ன?"

"கூட்டிட்டுப் போகத்தான் சொன்னேன். ரெண்டு நாள் அந்தாளு வீட்ல இருக்கக் கூடாதுன்னு சொன்னேன். சாமான் ஏத்துற வண்டி இப்ப வாசல்ல நிக்குது. பாதி ஏத்தியாச்சு. வெளியூர்ல வேலை பார்த்துட்டேன், தங்க இடம் பார்த்துட்டேன். அவர் திரும்பி வரும்போது நான் அங்க இருக்கவே கூடாதுன்னு மாசக்கணக்கா யோசிச்சு வச்சிருந்தேன்." அவள் குரல் ஏறவே இல்லை. "இப்ப எப்படிப் போறது? போலீஸ் வரும். நாத்தனார் வருவாங்க. உங்கண்ணன் பண்ணினதுதானே, நீயே பாருன்னு என் தலையில கட்டுவாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"உன்கிட்டயா?" என்றாள். "அண்ணி உதட்டைத் தைச்சப்ப பக்கத்துல நின்னு தலையைப் புடிச்சது நான்தாண்ணா."

அவர் கையில் சுற்றியிருந்த துணியிலிருந்து ரத்தம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, ஒரு நர்ஸைக் கூப்பிட்டு, "இவருக்கும் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவள் சொன்னது அப்படியே நடந்தது. போலீஸ் வந்தது. மெக்கானிக்கின் அக்கா வந்தாள். தாடையைக் கம்பிபோட்டு மூடிவிட்டதால் அவனுக்கு எல்லாம் உறிஞ்சுகுழலில்தான். ஏற்றிய சாமான்களை இறக்கிவைத்துவிட்டு, ஒடிந்த கையோடு தங்கை அவனுக்குச் சூப்பும் பாலும் வடிகட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் பேச முடியாமல் இருந்தான். அடிக்க முடியாமல் இல்லை. சூப் ஆறவில்லை என்று ஒருநாள் அந்தக் கிண்ணத்தையே அவள்மேல் வீசினான். தோளிலிருந்து முழங்கைவரை வெந்துபோனது. நாத்தனார் பக்கத்து அறையில்தான் இருந்தாள். "உடம்பு முடியாதவன், நீதான் பார்த்துக் குடுக்கணும்" என்றாளாம்.

தங்கை கொப்பளத்தின்மேல் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு, கைப்பையை எடுத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். நாத்தனாரிடம், "அடுத்த வேளைக்குப் பால் அடுப்புல இருக்கு, வடிகட்டிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள். சாமான் ஒன்றும் எடுக்கவில்லை. பஸ் நிலையத்திலிருந்து எனக்குப் போன் செய்து, ஸ்கூட்டரை விற்றுவிடச் சொன்னாள். அண்ணனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

டிங்கர் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டதால் தண்டனை குறைவாகவே கிடைத்தது. உள்ளே இருந்த மாதங்களில் நான் போய்ப் பார்த்தபோது ஒருமுறை முகம் வீங்கி, ஒரு பல் இல்லாமல் வந்து உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு?"

"தங்கச்சிக்காக அடிச்சவன்னு எல்லாருக்கும் மரியாதை. படுக்க நல்ல இடம் குடுத்தாங்க. ஒருத்தன் தினமும் வந்து தோள்ல தட்டுவான், 'அண்ணன்னா நீதான்டா அண்ணன்'னு. சொல்லாதடான்னு சொல்லிப் பார்த்தேன். நேத்து சொன்னான், அடிச்சுட்டேன். அவன் கூட்டாளிங்க சேர்ந்து என்னைப் பின்னிட்டாங்க."

"புகழ்ந்தவனைப் போய் ஏன் அடிச்சீங்க?"

"அதான் எனக்கும் தெரியல" என்றார். பிறகு, "அவன் சொன்னது சரிடா. ஒரே ரகம்" என்றார். எவன் சொன்னதை என்று நான் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது வலதுகைக் கட்டைவிரல் மடங்கவில்லை. முள் உள்ளே அறுத்ததைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள், ஆனால் பிடிமானம் போய்விட்டது. முதலாளி நல்ல மனுஷர், வேலையில் சேர்த்துக்கொண்டார். இடதுகையில் சுத்தியல் பிடிக்கப் பழகினார். அடி தப்பி விழும், தகரம் கோணும், விரல் நசுங்கும். ஒருநாள் ஆத்திரத்தில் சுத்தியலைச் சுவரில் எறிந்தார். அது திரும்பித் தெறித்து என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. நான் எழுந்து நின்றேன். அவர் ஷெட்டைவிட்டு வெளியே நடந்தார். கொஞ்சநேரம் கழித்து வந்து, "அடிபட்டுச்சா?" என்று கேட்டார். அத்தனை வருஷத்தில் அவர் ஒருவரைப் பார்த்து அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்கு அடுத்த வாரமோ என்னவோ, மனைவி வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் போயிருக்கிறார். வாசலில் இவரைப் பார்த்ததும் அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகு அலமாரியில் மோதி மருந்துப் பாட்டில்கள் விழுந்து உடைந்தன. கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து நடுவில் நின்றார். டிங்கர் வந்த வழியே திரும்பிவிட்டார்.

"மன்னிப்புக் கேக்கத்தான் போனேன்."

"கேட்டீங்களா?"

"அவ பின்னாடி போனதைப் பார்த்தேன். அப்புறம் என்னத்தைக் கேக்கிறது?" என்றார். "இனி அந்தத் தெருப்பக்கமே போக மாட்டேன். அதை வேணா செய்யலாம்." சொன்னபடியே செய்தார். ஷெட்டிலிருந்து அவர் வீட்டுக்கு அந்தத் தெருதான் குறுக்கு வழி. மழையிலும் சுற்றிக்கொண்டுதான் போனார்.

மெக்கானிக் இன்னும் இந்த ஊரில்தான் லிஃப்ட் பார்க்கிறான். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்களிடம் மீன் பிடிக்கப் போய் வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறான், அதையும் சிரிக்கிற மாதிரி சொல்கிறான் என்று கேள்வி. விவாகரத்துக்கு அவன் கையெழுத்துப் போட இழுத்தடித்தான், பிறகு போட்டான். நான் அணைப்பக்கம் போகலாமா என்று டிங்கரைக் கேட்டுப் பார்த்தேன். "வேணாம்டா. மீன் தலையைக் கல்லுல அடிக்கணும்" என்றார்.

தங்கை நெடுநாள் பேசவில்லை. முதலில் எனக்குத்தான் போன் செய்வாள், அவர் சாப்பிடுகிறாரா என்று கேட்பாள், அவரிடம் கொடுக்கச் சொல்ல மாட்டாள். போன மாதம் ஒருநாள் காலையில் ஒரு சின்னப் பழைய கார் ஷெட்டு வாசலில் வந்து நின்றது. அவள் இறங்கினாள். பின்கதவு நசுங்கியிருந்தது, எவனோ நிறுத்துமிடத்தில் இடித்துவிட்டுப் போயிருக்கிறான். கை நன்றாக ஆறியிருந்தது. தோளில் வெந்த இடம் மட்டும் சட்டைக் கழுத்தோரம் வெளுப்பாகத் தெரிந்தது.

டிங்கர் இடதுகையில் சுத்தியலோடு நின்றார். அவள் அவருடைய வலதுகையைப் பார்த்தாள்.

"மடங்கலையா?"

"இல்ல."

"படம் எடுத்தியா?"

"எடுத்தாங்க. எலும்பு இல்லையாம், நரம்பாம்."

அவள் தலையாட்டினாள். "இந்தக் கதவைச் சரி பண்ண முடியுமாண்ணா?"

"முடியும். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம். உட்காரு, டீ சொல்றேன்."

"இங்க வேணாம்" என்றாள். "சுத்தியல் சத்தம் எனக்கு ஆகாது. தட்டி முடிச்சதும் கூப்பிடு."

அவள் தெருமுனைவரை நடந்துபோய், அங்கே ஒரு கடை வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். டிங்கர் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கதவின் உள்பக்கத் தகட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பிறகு சுத்தியலின் முகத்தில் பழைய சைக்கிள் டியூபை இரண்டு சுற்று சுற்றி இறுகக் கட்டச் சொன்னார். அவருக்கு ஒரு கைதானே, நான்தான் கட்டிக்கொடுத்தேன். தட்டத் தொடங்கினார்.